லேத் பெட் ஸ்கிரேப்பிங்: பிறை பிறையா கோலம் போட்டுட்டுப் போயிட்டார்

காட்பாடி பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மேல்விஷாரம், ராணிப்பேட்டை டேனரிகளில் இருந்து வரும் ரோலர், ஷாஃப்ட் வேலைதான் எனக்குச் சோறு. பெரிய லேத் அப்பா காலத்தது, எட்டடி பெட் (உளியைத் தாங்கும் சேடில் முன்பின் ஓடுகிற வார்ப்பிரும்புத் தண்டவாளம்). பாதி வேலை, ராடைப் பிடித்துச் சுற்றும் சக் பக்கமே நடப்பதால் அந்த இரண்டடி மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. சேடிலின் ஆட்டத்தை எடுக்கும் ஜிப் பட்டையை அங்கே சரியாக வைத்தால், எதிர்முனை டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் இறுகி நின்றுவிடும். 300 மி.மீ. நீளம் கடைந்து பார்த்தால் சக் பக்கம் 0.06 மி.மீ. தடித்து வரும்.

தெரிந்தவர் மூலம் தேய்ந்த மிஷினைச் சரிசெய்கிற ஒரு ரீகண்டிஷனிங் ஆள் வந்தார். "இன்னாண்ணே, இதெல்லாம் ஒரு வேலையா? நாலு நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்." பெட், சேடில், அதன் மேல் குறுக்கே ஓடும் கிராஸ் ஸ்லைடு சேர்த்து 48,000 ரூபாய், 30,000 முன்பணம். 'நாலு நாள்' என்றதுமே நான் உஷாராகி இருக்க வேண்டும். ஸ்கிரேப்பிங் என்பது ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்கிற நேர்ப்பட்டையில் நீலம் தடவி, பெட்டில் தேய்த்து, நீலம் பட்ட மேட்டை மட்டும் ஸ்கிரேப்பர் உளியால் சுரண்டி, துடைத்து, மறுபடி நீலம் தடவி என்று சுற்றுச் சுற்றாகப் போகிற வேலை. ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான்தான் குறையும். எனக்கு டெலிவரி அவசரம், தலையாட்டிவிட்டேன்.

நடுவில் இரண்டு நாள் ஆம்பூரில் இருந்தேன். திரும்பி வந்தால் பெட் முழுக்கப் பிறை பிறையாக வரிசை பிசகாத குறி. பார்க்க அவ்வளவு அழகு! போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன் என்பதுதான் வெட்கம். சேடிலின் அடியைச் சுரண்டினால் அது இறங்குமே, அதன் முன்னால் தொங்கும் ஏப்ரன் பெட்டியும் அதை ஓட்டும் லீட் ஸ்க்ரூவும் நேராக இருக்கா என்று கேட்டேன். "ஓடுது இல்லண்ணே" என்றார்.

ஓடியது. சக் பக்கம் 0.11 மி.மீ. தடித்து ஓடியது.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். கூட்டி வந்தேன். வந்ததும் அளக்க டயல் கேஜைக் கேட்கவில்லை, சக் ஓரத்தில் சேடில் போகாத இடத்திலிருந்து நகத்தை இழுத்தார். டக்கென்று தட்டியது. "தேய்ஞ்ச இடத்துப் படிக்கட்டு மாதிரி விளிம்பு அப்படியே இருக்குப்பா. ஸ்கிரேப் பண்ணியிருந்தா இது போயிருக்கணும்." அப்புறம் ஸ்ட்ரெயிட் எட்ஜில் நீலம் தடவி, பெட்டின் தட்டையான தடத்தில் வைத்துத் தேய்த்தார். இரண்டு முனையில் நீலம் ஒட்டியது. நடுவில் ஒரு முழத்துக்குச் சொட்டு நீலம் இல்லை, பிறைக் குறி மட்டும் மினுங்கியது. ஒழுங்கான ஸ்லைடில் ஒரு இன்ச் சதுரத்துக்குப் பத்துப் பதினைந்து நீலப் புள்ளியாவது விழவேண்டுமாம். அந்தப் பிறை எண்ணெய் நிற்பதற்காகக் கடைசியில் போடுவது. ரீகண்டிஷனிங் ஆள் பள்ளத்தின் மேலேயே கோலம் போட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கை கிரைண்டரில் எமரி வேறு ஓட்டியிருக்கிறார், அடி ஓரத்தில் கீறல் தாரை தெரிந்தது. எமரித் துகள் வார்ப்பிரும்பில் பதிந்தால் சேடில் போகவர அதுவே பெட்டைத் தின்னும்.

போன் செய்தேன். "மிஷின் பழசுண்ணே" என்றார். அடுத்த போனை எடுக்கவில்லை. மீதி 18,000 என் கையிலேயே இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஸ்கிரேப்பிங்குக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள், வேலைக்கு முன்னால் ஒரு ராடில் இரண்டு காலர் (வளைய மேடு) கடைந்து மைக்ரோமீட்டர் அளவை இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அதே மாதிரி கடையச் சொல்லுங்கள். நீலத்தை உங்கள் கண் முன்னால் தேய்க்காமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். பெட் ஹார்டன் பண்ணியதா, அதாவது கடினமாக்கியதா என்றும் கேளுங்கள். அப்படியானால் ஸ்கிரேப்பர் ஏறாது, கிரைண்டிங்தான் வழி.

என் பெட் இப்போது கிரைண்டிங்குக்கு அம்பத்தூர் போயிருக்கிறது. சேடிலை ஃபிட்டர் பெரியவரே பார்க்கிறார், இது இரண்டாவது வாரம். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் ஸ்கிரேப்பரை ஆயில் ஸ்டோனில் அரை மணி நேரம் தீட்டினார். அப்புறமும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தீட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் வந்தவர் பையில் ஆயில் ஸ்டோனே இல்லை.