ஆபீஸ் காகிதங்களுக்காக ஈ-ரீடர் வாங்கப் போகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டையில் எனக்கு நடந்தது

ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் ஒரு ஈ-ரீடர் (மின்புத்தகம் படிக்கிற கருவி) வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். துறைமுகம், மணலி கம்பெனிகள், சரக்குப் பெட்டக நிலையங்கள் (சிஎஃப்எஸ்) என்று வெளியில் சுற்றி வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய கருவியைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். அதைவிட எனக்கு ஆத்திரம் வேறு ஒன்றில். என் வேலை என்ன, எந்த மாதிரி காகிதம் படிக்கிறேன் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, அதற்குக் கொஞ்சமும் உதவாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள்.

நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் இருக்கிறேன், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற வேலை. ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ், அப்புறம் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து சிஎஃப்எஸ்கள், இதுதான் என் சுற்று. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கிற இறக்குமதிப் படிவம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஆன்லைனில் ஏறிவிடுகிறது. ஆனால் கன்டெய்னர் கதவைத் திறக்கிற இடத்தில் நம் கையிலும் ஒரு பிரதி இருந்தாக வேண்டும். போனில் பார்க்கலாம் என்றால் சிஎஃப்எஸ் முற்றத்து வெயிலில் திரை தெரியாது. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பாதி சார்ஜும் இறங்கியிருக்கும்.

ஈ-ரீடர் எண்ணம் வந்தது இதனால்தான். அதன் திரைக்குள் தலைமுடி கனத்தில் நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும், எதிரெதிர் மின்னூட்டத்தோடு. மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்த நிறம் மேலே வரும். பக்கம் மாறும்போது மட்டும்தான் அதற்கு மின்சாரம் செலவாகும், அதனால் பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். மேலே விழும் வெளிச்சத்தில் படிப்பதால் வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகும். இதெல்லாம் முழுக்க உண்மை. கடையில் சொன்னதில் உண்மையும் இது மட்டும்தான்.

கடை வண்ணாரப்பேட்டையில். பெயர் இங்கே எழுதவில்லை, புகாரில் எழுதியிருக்கிறேன். போனவுடனே என் தேவையைச் சொன்னேன்: ஏ4 பிடிஎஃப், ஸ்கேன் செய்த இன்வாய்ஸ், நீளமான சுங்க அறிவிக்கை, அவ்வப்போது எக்ஸெல். "எல்லாம் ஓடும் சார். போன்ல ஓடுறது எல்லாம் இதுலயும் ஓடும்" என்றார் கல்லாவில் இருந்தவர். 6 அங்குல டெமோ பீஸை எடுத்து ஒரு தமிழ் நாவலைத் திறந்து காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். அச்சடித்த புத்தகம் போலவே இருந்தது, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பென் டிரைவில் என் ஃபைலே இருக்கிறது, அதை ஏற்றிக் காட்டுங்கள் என்றேன். "டெமோ பீஸ்ல வெளி ஃபைல் ஏத்தக் கூடாது சார், கம்பெனி ரூல். வீட்ல போட்டுப் பாருங்க. சரிப்படலன்னா ஏழு நாள்ல கொண்டாங்க, பணத்தைத் திருப்பித் தர்றேன்." விலை 9,500 ரூபாய், யுபிஐயில் கட்டினேன். ஜிஎஸ்டி பில் கேட்டேன். சிஸ்டம் வேலை செய்யவில்லை, வாட்ஸப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லி, எஸ்டிமேட் என்று தலையில் அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்றில் விலையை எழுதிக் கொடுத்தார்கள். கேட்டுக் கேட்டும் அந்த பில் வரவே இல்லை.

நாவல் காட்டிய வித்தையை இங்கே விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கடையிலும் அதையேதான் காட்டுவார்கள். நாவல் ஈபப் மாதிரியான வடிவத்தில் இருக்கும். அதில் எழுத்துகள் தண்ணீர் மாதிரி, திரை எந்த அளவோ அதற்குள் வழிந்து நிறையும். பிடிஎஃப் அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அறைந்து வைத்திருக்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 90. முழுப் பக்கத்தை அதற்குள் அடைத்தால் 10 பாயின்ட் எழுத்து நாலு பாயின்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும், மருந்து அட்டையில் பொடி எழுத்தைப் படிக்கிற பாடுதான். அந்தத் திரையில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான், எழுத்து உடையாமல் கூர்மையாகவே தெரியும். அளவு சிறியதாக இருந்தால் கூர்மை என்ன செய்யும்?

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு 50/2017 என்று சொன்னாலே போதும், 2025இல் புது அறிவிக்கை வரும் வரை நடப்பில் இருந்த சுங்க வரிச் சலுகை அறிவிக்கை அது. அந்த அறிவிக்கையின் அட்டவணையில் ஆறு பத்திகள்: வரிசை எண், தலைப்பு எண் (பொருள் எந்த வகை என்று காட்டும் சுங்க எண்), பொருள் விவரம், வரி விகிதம், ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), கடைசியில் நிபந்தனை எண். நிபந்தனைகள் தனியாக, அட்டவணை எல்லாம் முடிந்த பிறகு பின்னால் இருக்கும். வரிசை எண்ணைப் பிடித்து, நிபந்தனை எண்ணைப் பார்த்து, பின்னால் ஓடி, படித்துவிட்டுத் திரும்ப முன்னால் வர வேண்டும். புத்தகத்தில் இரண்டு விரலைச் செருகிக்கொண்டால் வேலை முடிந்தது. ஈ-ரீடரில் ஒவ்வொரு தாவலுக்கும் திரை ஒருமுறை கறுத்து வெளுத்து அப்புறம்தான் பக்கம் வரும். பெரிதாக்கினால் பொருள் விவரம் மட்டும் தெரியும், விகிதம் வலது ஓரத்துக்கு வெளியே போய்விடும். இழுத்துக்கொண்டு போய் விகிதத்தைப் பார்த்தால், எந்த வரிசைக்கு உரியது என்பது இடது பக்கம் மறைந்திருக்கும்.

மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில் இதை நேரில் அனுபவித்தேன். கதவு திறந்தாயிற்று, சரக்கை இறக்க ஆட்கள் நிற்கிறார்கள், அதிகாரி பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு வரியைக் கேட்கிறார். அது சப்ளையர் ஸ்கேன் செய்து அனுப்பிய பக்கம், லேசாகச் சாய்ந்து வேறு இருந்தது. எட்டு இலக்கத் தலைப்பு எண்ணில் நடுவே இருப்பது 3ஆ 8ஆ என்று எனக்கே தெரியவில்லை. 8433 என்றால் அறுவடை இயந்திர வகை, 8483 என்றால் ஷாஃப்ட், கியர், பேரிங் ஹவுசிங் வகை. இரண்டும் ஒன்றாகிவிடுமா? பெரிதாக்கினேன். முந்தின பக்கத்துக் கட்டக் கோடுகள் மங்கலாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன, புது எண்கள் அதன் மேலேயே வந்து விழுந்தன. சப்ளையரின் சிவப்பு முத்திரையும் நீலக் கையெழுத்தும் ஒரே சாம்பல் நிறம். கடைசியில் என் கூட வந்த தம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதப் பிரதியில்தான் அந்த வரியைக் காட்டினேன்.

எக்ஸெல் அந்தக் கருவியில் திறக்கவே இல்லை. ஃபைல் இருப்பதாகக்கூடப் பட்டியலில் காட்டவில்லை.

அன்று ராத்திரி ஃபைல்களைக் கேபிள் வழியாக ஏற்ற அதைக் கம்ப்யூட்டரில் செருகினேன். உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடந்தது. யாரோ ஒருவர் படிக்கும்போது கோடு போட்ட வரிகளும் எழுதிக்கொண்ட குறிப்புகளும், வருடக்கணக்கில் பழைய தேதிகளோடு. அப்புறம் பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணையும் செட்டிங்ஸில் காட்டிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. வேறொரு பெட்டியில் பழைய கருவியைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றித் தந்திருக்கிறார்கள். இது வெறும் பண விஷயம் மட்டும் இல்லை. தொலைந்ததாக முன்னால் வைத்திருந்தவர் புகார் கொடுத்திருந்தால், தயாரித்த நிறுவனம் அந்தக் கருவியை முடக்கிவிடலாம். அப்போது கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பலகை.

சொன்ன கெடுவுக்குள்ளேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். முதலில் "உங்க ஃபைல்தான் சார் சரியில்ல" என்றார் அதே கல்லாக்காரர். சீரியல் எண்ணைக் காட்டியதும் பேச்சு மாறியது. "டிஸ்ப்ளே பீஸ்னு சொல்லித்தானே கொடுத்தோம்?" அப்படி யாரும் சொல்லவில்லை. "எக்ஸ்சேஞ்ச்னா நாலாயிரம் போட்டுக்கிறேன், அதுக்கு மேல முடியாது" என்றவர், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கையால் காட்டினார்.

அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் விற்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக முறை என்றே சொல்கிறது. பில்லில் திரும்பப் பெறும் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, இரண்டு சீரியல் எண்களும் ஒன்றாகத் தெரிகிற படம், பில் கேட்டு நான் அனுப்பிய வாட்ஸப் செய்திகள், இவ்வளவையும் சேர்த்து வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மனு கொடுக்கலாம், வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

இனி, வேலைக்கு ஈ-ரீடர் சரிப்படுமா என்ற கேள்வி. உட்கார்ந்து வரிசையாகப் படிக்கிற காகிதம் என்றால் தாராளமாக வாங்கலாம். எங்கள் ஆபீசில் ஒரு தம்பி கஸ்டம்ஸ் புரோக்கர் பரீட்சைக்குப் படிக்கிறான். 1962ஆம் வருடச் சுங்கச் சட்டத்தையும் 2018ஆம் வருட உரிம விதிமுறைகளையும் ஈபப் ஆக மாற்றி 6 அங்குலத்திலேயே படிக்கிறான், கண்ணும் எரிவதில்லை. தேடித் தேடிப் புரட்டுகிற காகிதம், அட்டவணை, வரைபடம், ஸ்கேன் என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். 10.3 அங்குலத் திரையில் ஏ4 பக்கம் முக்கால் அளவுக்கு வரும், படித்துவிடலாம். 13.3 அங்குலம் கிட்டத்தட்ட ஏ4 தாளேதான், ஆனால் அந்த விலைக்கு நல்ல டேப்லெட்டே கிடைக்கும். முக்கால்வாசி வேலை கூரைக்குக் கீழே என்றால் டேப்லெட்டே என் தேர்வு.

பழைய தமிழ் அரசாணைகள், சுற்றறிக்கைகள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கருவியும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறிமுறை) முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை ஈபப் ஆக்கினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அவற்றைப் பிடிஎஃப் ஆகத்தான் படிக்க முடியும், ஆக அங்கேயும் பெரிய திரைதான் வேண்டும். இன்னொன்று, அமேசானின் கிண்டில் போன்ற ஈ-ரீடர்களுக்கு மின்னஞ்சல் வழியாக ஃபைல் அனுப்பினால் அது அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் வந்து சேரும். வாடிக்கையாளரின் விலை விவரம் உள்ள இன்வாய்ஸைக் கேபிள் வழியாக மட்டும் ஏற்றுங்கள்.

எந்தக் கடையானாலும், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஸ்கேன் ஒன்றையும் அகலமான அட்டவணை ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள். அதைத் திறந்து காட்ட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பெட்டியை அங்கேயே பிரித்து, கருவியை ஆன் செய்து, இரண்டு சீரியல் எண்களும் ஒன்றா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில் கையில் வந்த பிறகு, அதில் அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டோடு ஏற்கெனவே ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.