பேலட்டுக்குப் பதில் எது: டைலா, இட்லித் தட்டா, கண்ணாடியா?

வாட்டர் கலர் பழகத் தொடங்குகிறவர்கள் வண்ணம் குழைக்கப் பெரும்பாலும் குழி வைத்த பிளாஸ்டிக் பேலட்டைத்தான் வாங்குகிறார்கள். புதிதில் அதில் வண்ணம் படரவே படராது, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். எவ்வளவு கலந்தோம் என்றே தெரியாது. பழகப் பழக இது குறையும்தான், ஆனால் அதற்குள் சிவப்பும் நீலமும் கறையாக ஏறியிருக்கும்.

என் ஓட்டு வெள்ளை டைலுக்கு. பாத்ரூம் சுவரில் ஒட்டியது போக மிஞ்சிய ஒன்று பல வீட்டுப் பரணில் கிடக்கும். வழவழவென்று பளபளப்பாக இருக்கிற சுவர் டைல்தான் வேண்டும். தரைக்குப் போடும் சொரசொரப்பு ரகத்தில் வண்ணம் புகுந்துகொண்டால் கழுவ வராது. அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைத் துளித் துளியாகச் சேர்த்துப் பாருங்கள். நீலம் மெல்ல மங்கி, மழை மேகத்தின் சாம்பல் வரும். ஓரத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பழுப்பும் தனித்தனியே தெரியும். தாளும் வெள்ளை, டைலும் வெள்ளை என்பதால் இங்கே கண்ட நிறம் அங்கேயும் ஏறத்தாழ அப்படியே விழும். கனமாக இருப்பதால் பிரஷ் இழுக்கும்போது நகராது. வெட்டிய டைலாக இருந்தால் ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், கை கீறும்.

டைலில் குழி இல்லை, தண்ணீர் கூடினால் வழியும். நிறைய வண்ணம் கரைக்க, விளிம்பு உடைந்த பீங்கான் சாஸர் போதும். ராஜஸ்தான் சிற்றோவியர்கள் வண்ணம் வைத்துக்கொண்டது கிளிஞ்சலில்தான். உள்பக்கம் வழவழப்பு, வெளிர் நிறம். கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

குழி என்றதும் பலருக்கும் இட்லித் தட்டுதான் நினைவுக்கு வரும். துணி போட்டு ஊற்றுகிற தட்டில் ஓட்டை இருக்கும், அது ஆகாது. ஓட்டை இல்லாத எவர்சில்வர் தட்டிலும் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். வெளிர் மஞ்சளைக் கரைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பிள்ளைகள் போஸ்டர் கலரைக் கெட்டியாகக் குழைக்க மட்டும் அது நன்றாக உதவும்.

அக்ரிலிக் வண்ணத்துக்கு டைலைவிடக் கண்ணாடி எனக்குப் பிடிக்கும். பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியைக் கழற்றி, சுற்றிலும் டேப் ஒட்டி, அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள். சாம்பல் நிறம் பூசிய கேன்வாஸ் என்றால் அடியிலும் சாம்பல் தாள் வைக்கலாம், இந்த வசதி வேறு எதிலும் இல்லை. காய்ந்த வண்ணத்தில் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டு பிளேடால் சுரண்டினால் தோல் தோலாக உரிந்து வரும்.

ஆனால் மே மாத வெயிலில், ஃபேனுக்கு அடியில், அக்ரிலிக் கண்முன்னே காய்ந்துவிடும். அப்போது தட்டையான டிபன் பாக்ஸ்தான் கைகொடுக்கும். நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை மடித்துப் பரப்பி, மேலே மெழுகு பூசாத பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணம் வையுங்கள். ஈரம் அடியிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் குழைவாக இருக்கும். டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாற்றமடிக்கும்.

எண்ணெய் வண்ணத்துக்கும் கண்ணாடியே சரி. தெர்மாகோல் தட்டு வேண்டவே வேண்டாம், டர்பன்டைன் பட்டால் கரைந்துவிடும். பேப்பர் தட்டு எண்ணெயை உறிஞ்சிவிடும்.

அப்புறம், சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன. எனவே ஒருமுறை வண்ணம் குழைத்த சாஸரோ டிபன் பாக்ஸோ திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. அடியில் மார்க்கரால் பெரிதாக ‘பெயின்ட்’ என்று எழுதிவிடுங்கள்.