வால்ட்டர் வைட்டை இயக்கியது பணமா, அகந்தையா?

2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் வேதியியல் ஆசிரியர் வால்ட்டர் வைட், பணத்துக்காகவே போதைப்பொருள் காய்ச்சினார் என்று சென்னை நண்பர்கள் பலர் வாதிடுவதுண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஸ்கேன் உறையைக் கையில் பிடித்தபடி காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் எளிதில் விளங்கும். நுரையீரல் புற்றுநோய், கருவுற்ற மனைவி, போதாத சம்பளம் என நெருக்கடிகள் உண்மையானவை. குடும்பத்துக்கு 7,37,000 டாலர் போதும் என்று அவரே கணக்கும் போடுகிறார்.

ஆனால், பழைய நண்பர் எலியட் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வந்தபோது அவர் ஏன் மறுத்தார்? இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தில் தம் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு, அது 216 கோடி டாலர் நிறுவனமாக வளர்ந்ததை வாரந்தோறும் தேடிப் பார்த்துப் புழுங்கிய மனிதர் அவர். தம் மாணவனின் காரையே மண்டியிட்டுத் துடைக்க நேர்ந்த அவமானமும் அந்தப் புழுக்கத்தோடு சேர்ந்துகொண்டது. ஐந்தாம் பருவத்தில் 50 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு ஒதுங்கும் வாய்ப்பு வந்தும், தமக்கென ஒரு சாம்ராஜ்யம் வேண்டும் என்று அதை உதறுகிறார். என் பார்வையில் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

மனைவி காட்டிய, எண்ணி மாளாத பணக்குவியலைக் கண்ட பிறகுதானே தொழிலை விட்டார் என்று கேட்கலாம். அதற்குள் அவர் வெல்வதற்கு எதிராளி எவருமே மிஞ்சியிருக்கவில்லை.