புரூக்ஸ் பி17: பழக்கிக்கொள்ள வேண்டிய தோல் இருக்கை

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866-இல் தொடங்கப்பட்ட புரூக்ஸ் நிறுவனம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை விற்றுவரும் சைக்கிள் இருக்கை பி17. விரலால் அழுத்தினால் சற்றும் அமுங்காத இதில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டலாம் என்றால், புதிதாக வாங்குபவர் எளிதில் நம்பமாட்டார்.

ஃபோம் இருக்கையில் இடுப்பெலும்பின் இரு முனைகளும் புதையும்போது, நடுவிலுள்ள ஃபோம் மேலெழும்பி மென்தசையை அழுத்துவதால், தொலைவு கூடக்கூட மரத்துப்போகிறது. பி17-இலோ ஃபோமே கிடையாது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைத் தோல், முன்னும் பின்னும் சட்டத்தில் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டப்பட்டு, தூளியைப் போல அந்தரத்தில் நிற்கிறது. ஓட்ட ஓட்ட, அந்த எலும்பு முனைகள் படும் இரண்டு இடங்களில் மட்டும் தோல் மெல்லக் குழிந்து, ஓட்டுபவரின் உடலுக்கேற்ற வடிவத்தைப் பெறுகிறது. அதுவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். சிலருக்கு முதல் வாரத்திலேயே வசப்படுகிறது, சிலருக்கு மாதங்கள் பிடிக்கின்றன. ஹேண்டில்பார் இருக்கை உயரத்திலோ சற்றே மேலோ இருந்தால் இது பொருந்தும். முற்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு, அகலமும் ஸ்பிரிங்கும் உள்ள பி67 ஏற்றது.

உழைப்பைப் பொறுத்தவரை, நன்கு பேணினால் பல ஆண்டுகள், பலரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தாங்குகிறது. தோலுக்குப் பகை தண்ணீர்தான். நனைந்த தோல்மேல் உட்கார்ந்து ஓட்டினால் அது நீண்டு, நடுவில் தொய்ந்து, ஓரங்கள் வெளிப்புறமாக விரிந்துவிடும். இருக்கையின் முன்முனையான மூக்குக்கு அடியிலுள்ள திருகை ஸ்பேனரால் முறுக்கித் தொய்வைச் சரிசெய்யலாம் என்பது உண்மையே. ஆனால், இன்னும் பழகாத இருக்கையை ஆர்வக்கோளாறில் முறுக்குபவர்கள்தாம் அதிகம். அது நல்ல தோலையும் கெடுக்கும். தோல் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்த பிறகு, ஒரு முறைக்குக் கால் சுற்று போதும். கொழுப்பும் மெழுகும் கலந்த புரூஃபைட் களிம்பை எப்போதாவது மெல்லியதாகப் பூசித் துடைத்தால் போதுமானது. அளவுக்கு மீறினால் தோல் இளகிவிடும். மேற்புறத்தை மட்டும் பளபளப்பாக வைத்துக்கொண்டு, சக்கரத்திலிருந்து சேறு தெறிக்கும் அடிப்புறத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாத சைக்கிளில் இதைப் பொருத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கடலோர ஊர்களின் மழைக்காலப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் மூலையில் நிறுத்திவைத்தாலும் பூஞ்சை படரும். அவ்வப்போது துடைத்துக் காற்றாட விட வேண்டும்.

ஏறத்தாழ அரைக் கிலோ எடை, பந்தயக்காரர்களுக்கு ஒவ்வாது. நெடுந்தூரம் நிதானமாகப் பயணிப்பவர்கள் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அலுவலக வாசலில் மழையிலும் வெயிலிலும் சைக்கிளை நிறுத்துபவர்களும், மாட்டுத்தோலை விரும்பாதவர்களும், இதே நிறுவனம் இயற்கை ரப்பரையும் துணியையும் கொண்டு செய்யும் கேம்பியம் சி17-ஐ வாங்கலாம். உடலுக்கேற்பக் குழியும் குணம் அதில் இல்லை. ஆனால் களிம்போ மழையுறையோ தேவைப்படாது.