செகண்ட்ஹேண்ட் சாம்சங் 840 ஈவோ: வாங்கலாம், பீரோவில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. டிரைவான 250 ஜிபி சாம்சங் 840 ஈவோ சல்லிசாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தினமும் ஆன் ஆகிற கம்ப்யூட்டரில் போடுவதென்றால் தாராளமாக வாங்குங்கள். பழைய வேலைகளை ஏற்றி எடுத்து வைப்பதற்கென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

நான் கோவில்பட்டியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வரும். எங்கள் ஃபைல்களுக்கு ஒரு குணம் உண்டு. அடித்துக் கொடுத்த நோட்டீஸை அதற்கப்புறம் யாரும் திறப்பதில்லை. மறு வருஷம் கொடை நெருங்கும்போது கமிட்டிக்காரர் வந்து, "அக்கா, போன வருஷத்து நோட்டீஸையே எடுங்க. தேதியையும் கிழமையையும் மாத்திட்டு, நன்கொடை லிஸ்ட்ல ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டாப் போதும்" என்பார். வருஷம் பூரா கிடப்பில் கிடந்த கோரல்டிரா ஃபைல் அப்போதுதான் திறக்கும். 840 ஈவோ பெயர் கெட்டதே இந்த மாதிரிப் பழைய ஃபைல்களால்தான்.

2013-இல் வந்த டிரைவ் இது. டேட்டாவை மின்னேற்றமாக வைத்திருக்கும் நுண்ணறையைச் செல் என்பார்கள்; ஒரு செல்லில் 3 பிட் வைக்கிற டி.எல்.சி. வகை. படிக்கும் வேகம் வினாடிக்கு 540 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும். புதிதாக எழுதிய ஃபைலுக்கு அது கிட்டத்தட்ட உண்மையும்கூட. ஆனால் சில மாதம் தொடாமல் கிடந்த ஃபைலைப் படித்தால் வேகம் 100-க்கும் கீழே போகிறது என்று 2014-இல் உலகம் முழுக்கப் புகார் கிளம்பியது. சாம்சங்கும் அதை ஒப்புக்கொண்டது.

காரணம் இதுதான். 3 பிட் என்றால் ஒரே செல்லில் 8 வோல்டேஜ் படிகளைப் பிரித்தறிய வேண்டும். எழுதிய மின்னேற்றம் நாளாக ஆகக் கொஞ்சம் நகரும். அந்த நகர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படிக்க வேண்டிய ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கணக்கைத் தப்பாகப் போட்டது. டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் ஒரு முறை படித்துப் பார்க்கும், சரிவராது, அளவை மாற்றி மறுபடி படிக்கும், மறுபடி படிக்கும். டேட்டா பத்திரமாகத்தான் வந்து சேரும், ஆனால் நொண்டி நொண்டி வரும்.

2014 அக்டோபரில் முதல் தீர்வு வந்தது. புது ஃபர்ம்வேரைப் போட்டு, டிரைவில் உள்ளதையெல்லாம் ஒரு முறை திருப்பி எழுதும் டூல் அது. கொஞ்ச மாதம் நன்றாக ஓடிவிட்டு, 2015 தொடக்கத்தில் பழையபடி மெதுவானது. ஏப்ரலில் வந்த இரண்டாவது ஃபர்ம்வேர், பழைய டேட்டாவைப் பின்னணியில் அவ்வப்போது தானே திருப்பி எழுதிக்கொள்ளும். செல் நகர்வதைத் தடுக்க வழியில்லை, நகர்வதற்குள் புதுப்பித்துவிடு என்கிற ஏற்பாடு. வெள்ளையடித்துச் சுவர் விரிசலை மறைக்கிற வேலை என்று அன்றைக்குப் பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்பி எழுதுவதால் டிரைவ் எழுதித் தாங்கும் ஆயுள் குறையும்தான். ஆனால் மாதம் ஒரு முறை முழு டிரைவையும் எழுதினால்கூட வருஷத்துக்கு 12 சுற்று. அந்தத் தலைமுறை டி.எல்.சி. ஏறக்குறைய 1000 சுற்று தாங்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கடை வேலைக்கு அது காணும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கரன்ட் இருந்தால்தான் டிரைவ் தன்னைத் தானே புதுப்பிக்கும். பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டால் ஃபர்ம்வேர் எதையும் செய்ய முடியாது. அதனால்தான் பீரோவுக்கு ஆகாது என்கிறேன்.

என்னிடம் உள்ளதை, இரண்டாவது ஃபர்ம்வேர் ஏற்கெனவே ஏற்றியிருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் பார்க்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் ஃபர்ம்வேர் எண் மேலேயே தெரியும். 2.5 அங்குல மாடலில் ஐந்தாவது எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்தான 'பி' இருந்தால் தீர்வுக்கு முந்தையது, மூன்றாவதான 'சி' இருந்தால் பாதித் தீர்வு, நான்காவது இருந்தால்தான் சரியானது. அதே திரையில் ஓடிய மணி நேரமும், 177-ஆம் எண்ணில் தேய்மானக் கணக்கும் இருக்கும். விற்பவர் இதைத் திறந்து காட்டத் தயங்கினால் பேரமே பேசாதீர்கள்.

வேகம் சோதிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிவிட்டு "500-க்கு மேல காட்டுது, சூப்பர் கண்டிஷன்" என்பார்கள். அந்த மென்பொருள் அப்போதே ஒரு புது ஃபைலை எழுதி அதையே படித்துப் பார்க்கிறது. புது ஃபைலில் இந்த டிரைவுக்கு என்றைக்குமே பிரச்சினை கிடையாது! பழைய டேட்டாவைப் படிக்க வைக்க வேண்டுமானால் எச்.டி. டியூன் என்ற மென்பொருளில் ரீட் டெஸ்ட் ஓட்டுங்கள். டிரைவின் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு வரையும். கோளாறு உள்ள டிரைவில் கோடு நடுநடுவே பள்ளத்தில் விழும். என் டிரைவில் பெரிய பள்ளம் எதுவும் இல்லை, கோடு நெடுக ஒரே மட்டமாகப் போகிறது. காலி இடத்தை மட்டும் நம்பாதீர்கள். அங்கே செல்லைத் தொடாமலே பதில் வந்துவிடும், அதனால் வேகமாகத் தெரியும். நிரம்பியிருக்கிற பகுதியைப் பாருங்கள். என் கடையில் போன வருஷத்து நோட்டீஸும் நேற்றைய பில் புக்கும் திறப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எழுதும் வேகத்தில் ஒரு குறை உண்டு. வேகமாக எழுதிக்கொள்வதற்கென்று டர்போரைட் என்ற பெயரில் 3 ஜிபி இடம் வைத்திருக்கிறார்கள், 250 ஜிபி மாடலில். அதுவரை வினாடிக்கு 520 எம்பி, அது நிரம்பியதும் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபிளெக்ஸ் பேனர் ஃபைல்களை மொத்தமாகக் காப்பி போடும்போது மட்டும் தெரியும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. டிரைவை வழிய வழிய நிரப்பாமல் பத்து சதவீதமாவது காலி விடுங்கள். ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் டூல் எதுவும் வேண்டாம், விண்டோஸ் 7 முதல் டிரிம் (அழித்த ஃபைலின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்வது) தானாகவே நடக்கும். இன்னும் எக்ஸ்.பி. ஓட்டுகிற அச்சகங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. அதில் டிரிம் கிடையாது, அங்கே இதைப் போடாதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. சாம்சங் 8-வரிசை டிரைவ்களுக்குச் சிக்கல் தந்த, வரிசை கட்டி அனுப்பும் டிரிம்மை மட்டும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே நிறுத்திவிட்டுச் சாதாரண டிரிம்மை விட்டுவைத்திருக்கிறது.

ஃபர்ம்வேர் என்றாலே பயந்து "ஓடுறதை ஏன் நோண்டணும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்.எஸ்.டி. 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் சிஸ்டம் மணிக்கொரு முறை தொங்கியது. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர்தான் அதைத் தீர்த்தது. எச்.பி.இ. (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) தன் சர்வர்களுக்குக் கொடுத்த சில எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரத்தில் அடியோடு செத்துவிடும் என்று அந்த நிறுவனமே 2019-இல் எச்சரித்து, அதற்கு முன்பே ஃபர்ம்வேர் போடச் சொன்னது. அங்கே நோண்டாமல் விட்டவருக்குத்தான் நஷ்டம். ஃபர்ம்வேர் போடும்போது யூ.பி.எஸ். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் நிறுத்தி வையுங்கள். டிரைவை யூ.எஸ்.பி. பெட்டியில் வைத்துச் செய்யாமல் நேராக சாட்டா கேபிளில் மாட்டுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாரன்ட்டி மூன்று வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் நல்ல பிராண்டின் புது 240 ஜிபி எஸ்.எஸ்.டி. விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். கஸ்டமர் ஃபைல்களுக்கு என்னிடம் இன்னொரு பிரதி சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பீரோவில் இருப்பது அதுதான்.