எங்கள் கூத்து வாத்தியாருக்குப் பத்மஸ்ரீ கேட்டு விண்ணப்பித்த அனுபவம்

செய்யாறு பக்கம் எங்கள் ஊர்த் தெருக்கூத்து வாத்தியாரைப் பத்மஸ்ரீக்குப் பரிந்துரைத்து, மத்திய அரசின் விருது இணையதளத்தில் விண்ணப்பம் போட்டேன். இதே எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இணையதளம் நன்றாகவே இருக்கிறது. கட்டணம் கிடையாது. கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போய்விடலாம். எம்.பி. கடிதமோ வேறு சிபாரிசோ வேண்டாம். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். 1954இல் தொடங்கிய விருதுக்கு இந்த இணைய வழி வந்தது 2016இல்தான். 2014இல் சுமார் 2,200 ஆக இருந்த பரிந்துரைகள், 2020 விருதுகளுக்கு 46,000ஐத் தாண்டிவிட்டன. 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் பெயர்களையும், 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பெயரையும் பட்டியலில் பார்த்த பிறகுதான் எனக்கும் துணிச்சல் வந்தது.

சிரமம் எழுதுவதில்தான். அவர் செய்த சாதனையை 800 சொற்களுக்குள் சொல்ல வேண்டும். வாத்தியாரிடம் கேட்டால், தன்னை விட்டுவிட்டுத் தன் குருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அவருடைய மாணவர்களைப் பிடித்தேன். பாரதக் கூத்தில் எந்தெந்த வேஷம் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார், எந்தத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய ஆடினார் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: மத்தளக்காரர் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன்.

விருதோடு பணம் வரும் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். வராது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றும் பதக்கமும்தான். பெயரோடு பட்டம்போலச் சேர்த்துப் போடவும் கூடாது. 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாற வேண்டியது விண்ணப்பத்துக்குப் பிறகு நடப்பதுதான். கேபினட் செயலாளர் தலைமையில் உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், நான்கு முதல் ஆறு சான்றோர் கொண்ட குழு தேர்வு செய்கிறது. இத்தனை ஆயிரம் பரிந்துரைகளில் ஒரு கூத்துக்காரரை டெல்லியில் இருந்துகொண்டு எதை வைத்து எடைபோடுவார்கள்? நல்ல ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் கலைஞருக்கு வாய்ப்பு என்பது நியாயமே இல்லை. முதல் சுற்றில் தேறியவர்களின் ஊருக்கு அந்தத் துறை தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். கூத்தை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து விடியும்வரை பார்த்தால்தான் வாத்தியாரின் கை தெரியும். இறந்தவர்களுக்குப் பொதுவாக இந்த விருது தருவதில்லை என்பதால், வயதானவர்களின் விண்ணப்பங்களை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். தேர்வாகாதவர்களுக்கு இரண்டு வரியாவது காரணம் எழுதலாம். அடுத்த முறை எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

இந்தக் குறைகளுக்காகத் தயங்காதீர்கள், போடுங்கள். பழைய கோயில் விழா நோட்டீசுகள், பத்திரிகைத் துணுக்குகளை முதலிலேயே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பெயர்களைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். 800 சொல்லில் புகழ்ச்சிக்கு இடம் ஒதுக்காதீர்கள்; ஆடிய ஊர், ஆடிய வேஷம், சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், அவ்வளவும் வரட்டும்.