டேட்டாஷீட்டில் இருக்கும் 1 ஜிபிபிஎஸ்ஸை நம்பி ரவுட்டர் வாங்கிவிடாதீர்கள்

எங்களுக்குத் தொலைவில் ஆறு கிளைகள். ஒவ்வொன்றிலும் 200 எம்பிபிஎஸ் லைன், அதன் மேல் தலைமையகத்துக்கு ஐபிசெக் டனல் (தகவலைப் பூட்டி அனுப்பும் தனிப் பாதை), போன் பேச்சும் அதே வழியாகத்தான். விற்க வந்தவர் கேட்டது ஒரே கேள்வி, "லைன் எவ்வளவு சார்?" 200 என்றோம். "அப்ப இந்த 1 ஜிபிபிஎஸ் பாக்ஸ் தாராளம் சார், அஞ்சு மடங்கு இருக்கு" என்று ஆறையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. கிளையில் எல்லோரும் புதிய இணைப்புக்கு மாறியதும், காலை பத்து மணி ஆனாலே போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. லைன் கொடுத்தவர்களோடு நான்கு நாள் சண்டை போட்டேன். அவர்கள் சோதித்துவிட்டு 200 சரியாக வருகிறது என்றார்கள், பாவம், அது உண்மைதான். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் சிபியு 98 சதவீதம், டனலில் ஓடுவதோ அறுபது சொச்சம் எம்பிபிஎஸ்.

அப்புறம்தான் டேட்டாஷீட்டின், அதாவது தயாரித்தவர்கள் தரும் விவரத் தாளின், அடிக்குறிப்பைப் படித்தேன். அந்த 1 ஜிபிபிஎஸ் 1518 பைட் பாக்கெட்டை (தகவல் பயணிக்கும் துண்டு) வைத்து, ஃபயர்வால், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட், டனலுக்குத் தகவலைப் பூட்டும் என்கிரிப்ஷன் எதுவும் இல்லாமல், போகிறதையும் வருகிறதையும் கூட்டி அளந்தது. அதாவது ஒரு பக்கத்துக்கு 500தான். ரவுட்டருக்கு வேலை பாக்கெட் எண்ணிக்கையில்தான் இருக்கிறது, ஒரு பாக்கெட் பெரிதோ சிறிதோ, ரூட் பார்ப்பது, ஃபயர்வால் விதி பார்ப்பது எல்லாம் ஒன்றுக்கு ஒரு தடவை. 1 ஜிபிபிஎஸ்ஸைப் பெரிய பாக்கெட்டாக அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 81,000, அதையே 64 பைட்டாக அனுப்பினால் 14.88 லட்சம். போன் பேச்சு பெரும்பாலும் சின்ன பாக்கெட், ஜி.711 என்ற குரல் முறை என்றால் 200 பைட், ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்கு 50. இதன் மேல் என்கிரிப்ஷனையும் தனி சிப் இல்லாமல் சிபியுவே செய்தால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? ஸ்பீட் டெஸ்டில் இது பிடிபடாது, அது பெரிய பாக்கெட்டாகவே தள்ளும்.

விற்றவரைக் கூப்பிட்டால், "டனல் போடுவீங்கன்னு சொல்லவே இல்லையே சார்" என்றார். முதல் மெயிலிலேயே சொல்லியிருந்தோம். சரி, மாற்றிக் கொடுங்கள் என்றால், பெட்டி பிரித்தாயிற்று, முடியாது, ஆனால் பெரிய மாடல் ஒன்று இருக்கிறதாம். அதிலும் என்கிரிப்ஷன் வேகத்துக்கு லைசென்ஸ் பூட்டு, தனியாகக் காசு கொடுத்தால்தான் முழுசாகத் திறக்கும். இதை நாங்கள் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்.

அந்தப் பெரிய மாடலை விற்க அவர் எடுத்த ஆயுதம் இன்னும் அழகு. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் ஐபிவி4 ரூட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) 5,12,000 வரிகளைத் தாண்டியதும் பழைய ரவுட்டர்கள் பல நினைவகம் போதாமல் தடுமாறின அல்லவா, அந்தக் கதையைச் சொல்லி, "உங்களுக்கும் ஃபுல் டேபிள் தாங்குற பாக்ஸ்தான் வேணும்" என்றார். கதை உண்மை, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே லைன் உள்ள கிளைக்கு ஒரு டீஃபால்ட் ரூட் (எல்லாவற்றையும் இந்த வழியே அனுப்பு என்ற ஒற்றை வரி) போதும், இணையத்தின் மொத்த டேபிளையும் அங்கே சுமந்துகொண்டு போய் யாருக்கு என்ன லாபம்?

இப்போது வேறு ஒருவரிடம் நடுத்தர மாடல் ஒன்றை மட்டும் சோதனைக்கு வாங்கி, டனல், நாட், போன் பேச்சுக்கு முன்னுரிமை தரும் கியூஓஎஸ் எல்லாவற்றையும் போட்டு, ஐபெர்ஃப் என்ற சோதனை மென்பொருளில் 200 பைட் யூடிபி பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் கலந்து இரண்டு வாரம் ஓட்டினோம். உச்ச நேரத்தில் சிபியு 45 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதே அளவை, எந்த லைசென்ஸோடு என்பதையும் சேர்த்து, ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். பழைய ஆறு பெட்டிகளுக்கு இன்னும் பணம் திரும்பவில்லை, போன் செய்தால் அவர் மீட்டிங்கில் இருக்கிறார்.